பிளாஸ்மாவை நிலைநிறுத்தல்



திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையில் காதங்கி என்னும் சிற்றூர் இருக்கிறது. முன்னர் ஒரே மாவட்டமாயிருந்து, 2022-ஆம் ஆண்டில் சித்தூர் என்றும் திருப்பதி என்றும் பிரிந்த பகுதி அது. குன்றுகள் சூழ்ந்த அவ்வூரில், 130 மீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட திடலொன்றில், 1,024 இடங்களில் வான்கம்பிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடத்தின் ராடார் அது. 1990-களின் தொடக்கத்திலிருந்து அது வானத்தை நோக்கி அலைகளை அனுப்பி, திரும்பி வருவனவற்றைப் பதிவு செய்து வருகிறது.

இரவு வேளையில் சிற்றலை வரிசையில் தொலைநாட்டு நிகழ்ச்சியொன்றைக் கேட்கும்போது, குரல் நடுங்கித் தேய்ந்து மீண்டும் எழுவதை நம்மில் பலர் அறிவோம். அதற்குரிய காரணங்களுள் ஒன்றைக் காதங்கி ராடார் காட்டித் தருகிறது.

பூமிக்கு மேலே சுமார் 80 கிலோமீட்டரிலிருந்து பல நூறு கிலோமீட்டர் வரை பரந்துள்ள அயனமண்டலத்தில், கதிரவனின் ஒளி அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்துவிடுகிறது. இவ்வாறு மின்னேற்றம் பெற்ற வாயுவுக்கு அமெரிக்க அறிஞர் லாங்மியூர் 1928-இல் பிளாஸ்மா என்று பெயரிட்டார். பொழுது சாய்ந்ததும் கீழடுக்கின் பிளாஸ்மா விரைவில் மறைகிறது. மேலடுக்கு சற்று உயர்ந்து நிற்கிறது. அடர்ந்தது மேலே, அடர்வற்றது கீழே என்னும் விபரீத நிலை உண்டாகிறது.

இதனை வீட்டிலேயே கண்டுகொள்ளலாம். டம்ளர் நிறைய நீர் ஊற்றி, வாயைக் காகிதத்தால் மூடித் தலைகீழாகக் கவிழ்த்தால் நீர் விழுவதில்லை. காற்றின் அழுத்தம் தாங்குகிறது. காகிதத்தை எடுத்ததும் நீர் கொட்டிவிடுகிறது. காற்றின் அழுத்தம் குறைந்துவிட்டதா? இல்லை. நீரின் பரப்பில் எழும் சிறு நெளிவு, தடுப்பாரின்றிக் கணந்தோறும் பெரிதாகிறது. அதன் வழியே காற்று மேலேற நீர் கீழிறங்குகிறது. காகிதம் செய்த வேலை நீரைத் தாங்கியதன்று, நெளிவை அடக்கியதே.

மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நாம், சமநிலை என்ற சொல்லையும் நிலைபேறு என்ற சொல்லையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக எழுதிவிடுவதுண்டு. டம்ளர் அவற்றின் வேற்றுமையை உணர்த்துகிறது. சமநிலை என்பது விசைகள் ஒத்து நிற்றல். நிலைபேறு என்பது சிறிது அசைத்தாலும் மீண்டும் பழைய நிலைக்கு வருதல். அந்தி வானத்துக்கு முன்னது உண்டு, பின்னது இல்லை. ஆகவே சில இரவுகளில், சிறப்பாக மார்ச்சு, செப்டம்பர் மாதங்களை ஒட்டி, அடர்வற்ற பிளாஸ்மா குமிழிகளாகப் பல நூறு கிலோமீட்டர் உயரத்துக்குக் கிளம்புகிறது. சிற்றலைகள் தடுமாறுகின்றன, செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளும் நடுங்குகின்றன.

வானத்தில் இது விந்தை. ஆனால் கதிரவனைப் போல அணுக்கருக்களை இணைத்து மின்சாரம் பெற விரும்புவோருக்கு, பிளாஸ்மாவின் இதே குணம் பெருஞ்சோதனை.

ஹைட்ரஜனின் வகைகளான டியூட்ரியமும் டிரிட்டியமும் இணைய, 15 கோடி டிகிரியளவு வெப்பம் வேண்டும். அதைத் தாங்கும் பாத்திரம் கிடையாது. காந்தப்புலமே பாத்திரமாக வேண்டும். சோவியத் அறிஞர்கள் 1950-களில் வகுத்த டோக்கமாக், உளுந்து வடையைப் போல நடுவில் துளையுள்ள வளையக் கலம். அங்கே காந்தப்புலத்தின் வளைவு, டம்ளரில் புவியீர்ப்பு செய்த வேலையைச் செய்து, பிளாஸ்மாவை வெளிப்புறம் பிதுங்கச் செய்கிறது. அதைத் தடுக்கவே காந்தக் கோடுகளைக் கயிறுபோல் முறுக்குகிறார்கள். பிளாஸ்மாவினுள் ஓடும் மின்னோட்டம் அம்முறுக்கைத் தருகிறது. முறுக்கு மிகுந்தாலோ, கயிறு போலவே பிளாஸ்மாவும் சுருண்டு கொள்ளும்; ஒரு விநாடியின் ஆயிரத்தில் சில பங்குகளுக்குள் அதன் வெப்பம் முழுவதும் சுவரில் பாயும்.

இன்னொரு இடர்ப்பாடும் உண்டு. மின்மாற்றியின் தத்துவத்தால் அம்மின்னோட்டத்தை ஓயாமல் ஓட்ட இயலாது. எனவே, இடைவிடாது இயங்கும் உலைக்கு, வானொலியலைகளையும் விரைந்த அணுக்கற்றைகளையும் செலுத்தி மின்னோட்டத்தைப் பேண வேண்டும்.

1955-இல் ஜெனீவா மாநாட்டின் தலைமையுரையில் ஹோமி பாபா, இணைவாற்றலை வசப்படுத்தும் வழி இருபதாண்டுகளில் புலப்படும் என்று முன்னுரைத்தார். பல இருபதாண்டுகள் கடந்துவிட்டன. காந்திநகரின் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் 1989-இல் ஆதித்யா டோக்கமாக் இயங்கத் தொடங்கியது. 1,000 விநாடிகள் பிளாஸ்மாவை நிலைநிறுத்தும் இலக்குடன் அமைந்த எஸ்.எஸ்.டி.-1, 2013-இல் முதல் பிளாஸ்மாவைக் கண்டது. இலக்கு இன்னும் தொலைவிலேயே இருக்கிறது. 2025 ஜனவரியில் சீனாவின் ஈஸ்ட் 1,066 விநாடிகளும், அடுத்த மாதமே பிரான்சின் வெஸ்ட் 1,337 விநாடிகளும் பிளாஸ்மாவைக் காத்தன. ஏறத்தாழ 22 நிமிடங்கள்! பிரான்சில் எழும் ஐட்டர் உலையில் இந்தியாவும் பங்காளி. அதைச் சூழும் மாபெரும் குளிர்கலம் நம் நாடு அளித்தது.

மின்நிலையம் ஒன்று மாதக்கணக்கில் ஓட வேண்டும். 22 நிமிடம் அதற்குப் போதாது. ஆயினும் ஆயிரத்திலொரு பங்கு விநாடியில் கலைந்துவிடும் இயல்புடைய ஒன்றை 22 நிமிடம் நிறுத்தியது சிறு செயலன்று. அகல் விளக்கு எண்ணெயால் மட்டும் எரிவதில்லை; காற்றுக்கு மறைவாகக் கை பிடிப்பவரும் வேண்டும். பாபாவின் கணக்கு தவறியது, அந்தக் கை எத்துணை நுட்பமாயிருக்க வேண்டும் என்பது அன்று தெரியாமையினாலேயே. காதங்கியின் வான்கம்பிகள் இன்றும் அந்த நுட்பத்தின் பாடத்தை வானத்திலிருந்து வாசித்துக் கொண்டிருக்கின்றன.