சீட்டு மேசையில் செருக்கு



பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இலக்கிய அவையில் சீட்டாட்டம் பற்றிய பேச்சா என்று வியக்க வேண்டா. செருக்கு நம் அறநூல்கள் ஓயாது பேசிய பொருள். அதனை அருகிருந்து காண்பதற்குச் செல்வர்களின் பிரிட்ஜ் மேசையைப் போன்ற இடம் அரிது.

பிரிட்ஜ் நால்வர் ஆடுவது; எதிரெதிரே அமர்ந்த இருவர் ஒரு கட்சி. ஆளுக்கு 13 சீட்டுகள். இத்தனை பிடி எடுப்போம் என்று முதலில் கேள்வி கேட்டு வாக்களிக்க வேண்டும். பின்னர் அதனை எடுத்துக் காட்ட வேண்டும். கேள்வியை வென்ற கட்சியில் ஒருவரே இரு கைச் சீட்டுகளையும் ஆடுவார். அவருடைய இணை தம் சீட்டுகளை மேசைமீது விரித்து வைத்துவிட்டு வாளா இருப்பார்; அவருக்கு 'டம்மி' என்று பெயர். செருக்கு நுழையும் வாயில் இதுவே. தம் இணையைவிடத் தாமே வல்லவர் என்று நம்பும் செல்வர், இணையின் கையில் நல்ல துருப்பு இருப்பினும், துருப்பில்லா ஆட்டத்தை முந்திக்கொண்டு கேட்பார். வென்றால் தம் திறம். தோற்றால் இணையின் பிழை.

இவ்வாட்டம் இன்றைய வடிவைப் பெற்றதே செல்வத்தின் மடியில்தான். அமெரிக்க இரயில்வே குபேரர் குடும்பத்து ஹெரால்டு வாண்டர்பில்ட், 1925இல் பனாமாக் கால்வாய் வழியே சென்ற கப்பலில், தாம் வகுத்த புள்ளிமுறையை நண்பர்களோடு ஆடிப் பார்த்தார். நான்கே ஆண்டுகளில், 1929இல், கான்சஸ் சிட்டியில் பென்னட் என்னும் வாசனைப் பொருள் விற்பனையாளர் நான்கு ஸ்பேடு ஆட்டத்தில் தோற்றார். கணவனும் மனைவியும் ஒரே கட்சி. மனைவி பழித்தார், கணவர் கன்னத்தில் அறைந்தார், மனைவி துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார். 1931இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒரு சீட்டாட்டத் தோல்வியை இருவராலும் தாங்க இயலவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

நகைச்சுவை நாவல்களும் எழுதிய எஸ். ஜே. சைமன், பிரிட்ஜில் நாம் ஏன் தோற்கிறோம் என்பதை ஆராய்ந்து 1945இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் வரும் துரதிர்ஷ்ட நிபுணர், மேசையிலுள்ளோரில் சிறந்த ஆட்டக்காரர். ஆயினும் பணத்தை இழந்துகொண்டே இருப்பார். எதிரே இருப்பவரும் தம்மைப்போலவே சிந்திப்பார் என்று கொள்வது அவர் குறை. இந்த இணையோடு எட்டக்கூடிய நல்ல முடிவை நாடுக என்பது சைமன் தரும் அறிவுரை. எளிதுதான், ஆனால் இணையின் இயல்பை அறிய முதலில் அவரை ஏறிட்டு நோக்க வேண்டுமன்றோ!

போட்டிப் பிரிட்ஜில் அதே சீட்டுகளை அடுத்த மேசையினரும் ஆடுவர். 'எனக்கு நல்ல சீட்டு வரவில்லை' என்னும் சாக்கு அங்கே செல்லாது. செல்வர் என்ன செய்வார்? தொழில்முறை ஆட்டக்காரர்களை ஊதியத்துக்கு அமர்த்திக்கொள்வார். அறுவர் அணியில் ஒரு நேரத்தில் நால்வரே ஆடுவர் ஆதலால், விதிக்கப்பட்ட பங்கை மட்டும் ஆடிவிட்டு எழுந்து, கோப்பை வழங்கும்போது முன்வரிசையில் நிற்கலாம். ஊதியம் பெறுபவர் எதிரே அமர்ந்திருக்கையில் முதலாளியின் பிழையை எடுத்துரைப்பவர் யார்? திருத்துவார் இன்றிச் செருக்கு தடையற வளர்கிறது.

விலக்கும் உண்டு. டல்லாஸ் நகரத்துத் தொழிலதிபர் ஐரா கார்ன் 1968இல் ஊதியம் கொடுத்து ஓர் அணியை உருவாக்கினார். அவ்வணி 1970இல் ஸ்டாக்ஹோமில் உலகப் பட்டம் வென்றது. வென்ற அறுவரில் கார்ன் இல்லை. அடுத்த ஆண்டும் பட்டம் அவ்வணிக்கே கிடைத்தது. அப்போதும் அவர் ஆடவில்லை.