பனியில் நின்ற இரு வேட்பாளர்கள்



அமெரிக்காவின் முதல் காங்கிரஸுக்கு நடந்த தேர்தல்களுள் ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். இடம், தென் மாநிலமாகிய வர்ஜீனியா; நாள், 1789 பிப்ரவரி 2. போட்டியிட்டவர்கள், 37 வயதினரான ஜேம்ஸ் மேடிசனும் 30 வயதினரான ஜேம்ஸ் மன்றோவும். இருவரும் நண்பர்கள், பின்னாளில் இருவருமே குடியரசுத் தலைவர்களாயினர்.

புதிய அரசியலமைப்பை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் மேடிசன். ஆயினும், அதனை எதிர்த்த பேட்ரிக் ஹென்றியின் சொல்லே வர்ஜீனியச் சட்டசபையில் எடுபட்டது. அச்சபை மேடிசனைச் செனட்டுக்கு அனுப்ப மறுத்தது. பிரதிநிதிகள் சபைக்கு அவர் நின்ற தொகுதியிலோ, அரசியலமைப்பை ஐயுற்றவர்கள் மிகுந்திருந்தனர்.

அந்நாளில் வாக்குச் சீட்டு இல்லை. நிலமுடைய ஆடவர் ஷெரீப்பின் முன் சென்று, தாம் விரும்பும் வேட்பாளரின் பெயரை யாவரும் கேட்க உரக்கச் சொல்ல வேண்டும். நான் பணியிலிருந்த காலத்தில், வகுப்புத் தலைவனைக் கைதூக்கித் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பிள்ளைகள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகே கை எழும்! வாக்காளருக்கு மது வழங்கும் வழக்கமும் அங்கு இருந்தது. அதற்கு உடன்படாமையால் மேடிசன் 1777-இல் ஒரு தேர்தலில் தோற்றிருந்தார்.

அடிமைகளுக்கு வாக்கில்லை. ஆனால் மாநிலத்துக்குரிய இடங்களைக் கணக்கிடுகையில் அவர்களில் ஐவரை மூவராக எண்ணிக்கொண்டனர். உரிமை பேசிய இவ்விரு வேட்பாளர்களும் அடிமைகளை உடையவர்களே. இதனை மறைத்து அத்தேர்தலைப் புகழ்வது வரலாறாகாது.

பொருதப்பட்ட பொருள் யாது? அரசியலமைப்பில் குடிமக்களின் உரிமைகள் தனியே எழுதப்படவில்லை. புரட்சிக்கு முன் அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காகச் சிறை சென்ற பாப்டிஸ்டு போதகர்கள் அம்மாநிலத்தில் பலர். தம் மதவுரிமைக்கு என்ன காவல் என்று அச்சமயத்தார் கேட்டனர். திருத்தங்கள் தேவையில்லை என்று முன்னர் வாதித்த மேடிசன், இப்போது அவற்றை ஆதரிப்பதாகப் பாப்டிஸ்டு போதகர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். தோல்விக்கு அஞ்சியே மாறினார் என்பர் சிலர். அச்சமும் ஓரளவு இருந்திருக்கலாம். அதனால் வாக்குறுதியின் மதிப்புக் குறைந்துவிடவில்லை.

நண்பர் இருவரும் ஊர் ஊராகச் சென்று ஒரே கூட்டத்தில் எதிரெதிராக வாதிட்டனர். கல்பெப்பர் வட்டாரத்தில், ஜெர்மானியர் கூடிய லூத்தரன் தேவாலயத்தில் வழிபாடு முடிந்ததும், மக்கள் வெளியே பனியில் நின்றவாறே இருவர் பேச்சையும் நெடுநேரம் கேட்டனர்.

மேடிசன் 1,308 வாக்குகளும் மன்றோ 972 வாக்குகளும் பெற்றனர். மேடிசனின் சொந்த வட்டாரமாகிய ஆரஞ்சில் மன்றோவுக்குக் கிடைத்தவை ஒன்பதே.

வென்றவர் சொன்னதை மறக்கவில்லை. சபையில் பலர் அவசரமில்லை என்று தட்டிக்கழிக்க முயன்றும், அவ்வாண்டு ஜூன் 8-ஆம் நாள் திருத்தங்களை முன்வைத்தார். அவற்றிலிருந்து பிறந்த பத்துத் திருத்தங்கள், 1791 டிசம்பர் 15 அன்று வர்ஜீனியாவின் ஒப்புதலோடு சட்டமாயின. மன்றோவோடு நட்பும் நிலைத்தது. 1811-இல் குடியரசுத் தலைவர் மேடிசன் அவரையே வெளியுறவு அமைச்சராக்கினார்.

அப்பனிநாளின் கூட்டம் முடிந்து, இரவில் பன்னிரண்டு மைல் குதிரையில் சென்றபோது மேடிசனின் மூக்கு குளிரில் புண்ணாயிற்று. முதுமையில் இக்கதையைச் சொல்லும்போது, அவர் அந்த வடுவைத் தொட்டுக் காட்டினாராம்.