பழைய காரும் ஏற்ற எண்ணெயும்

நோய்க்குத் தக்க மருந்தே குணந் தரும். விலை கூடிய மருந்தெல்லாம் குணந் தருவதில்லை. இவ்வுண்மை மனித உடலுக்கு மட்டுமன்றிப் பொறிகளுக்கும் பொருந்தும்.

இங்கிலாந்தில் ஒக்ஸ்போர்ட் நகருக்கு அண்மையிலுள்ள அபிங்டன் என்னும் ஊரில் 1962 ஆம் ஆண்டு முதல் 1980 ஆம் ஆண்டு வரை எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார் செய்யப்பட்டது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் அங்கிருந்து வெளிவந்தன. அவற்றுட் பல இன்றும் ஓடுகின்றன. அவற்றை வைத்திருப்போர் பெற்ற பிள்ளையைப் போலப் பேணுகின்றனர். ஆயினும், அன்பு மிகுந்த கையே சில வேளைகளில் தீங்கு செய்துவிடுகின்றது. கடையிலுள்ளவற்றுள் மிகப் புதியதும், மிகுந்த பாரந் தாங்குவதுமான கியர் எண்ணெயை வாங்கிக் கியர்ப் பெட்டியில் ஊற்றிவிடுகின்றனர். சில காலஞ் சென்றபின் கியர் மாற்றும்போது கரகரவென்னும் ஓசை எழுகின்றது. இது எதனால் நேர்கின்றது?

கியர் மாற்றும்போது வெவ்வேறு வேகத்திற் சுழலும் இரு உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அவை பொருந்துமுன் வேகத்தைச் சமப்படுத்துவது, செப்புக் கலவையாலான ஒரு சிறு வளையம். அதன் உட்புறத்தில் நுண்ணிய வரிகள் உண்டு. அவ்வரிகள் எண்ணெய்ப் படலத்தைக் கிழித்துக்கொண்டு எதிரேயுள்ள உருக்குக் கூம்பைப் பற்றுகின்றன. ஆகவே கியர்ப் பெட்டியினுள் உராய்வு பகையுமாகும்; துணையுமாகும். பற்சில்லுகள் உராய்ந்து தேயக் கூடாது. வளையமோ உராயாமல் தன் கடமையைச் செய்ய இயலாது. இவ்விரண்டுக்கும் இடமளிக்கும் எண்ணெயே ஏற்ற எண்ணெய்.

கியர் எண்ணெய்களை அமெரிக்கப் பெற்றோலியக் கழகம் வகுத்த வகைகளுள் ஜீ.எல். 4, ஜீ.எல். 5 என்னும் இரண்டும் பெரிதும் வழங்குவன. கந்தகமும் பொசுபரசும் சேர்ந்த மருந்துப் பொருள்கள் இரண்டிலும் உண்டு. ஐந்தாவதில் அவை நான்காவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. பெரும் பாரத்தின்கீழ் இவை உருக்கின்மேல் ஒரு காப்புப் படலத்தை ஆக்குகின்றன. பின் அச்சிலுள்ள பற்சில்லுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி அழுத்துவன. அவற்றுக்கு இக்காப்பு இன்றியமையாதது. ஆனால் வீரியமுள்ள கந்தகம், எண்ணெய் சூடேறியபோது, செப்புக் கலந்த உலோகங்களைத் தாக்க வல்லது. இன்றைய ஜீ.எல். 5 எண்ணெய்களுட் சிலவற்றில் இக்குறை அடக்கப்பட்டுள்ளது. அப்போதும் வளையத்தின் பிடி தளருமோ என்னும் ஐயம் நீங்குவதில்லை.

எம்.ஜி.பி.யின் கைந்நூல் கியர்ப் பெட்டிக்கு விதித்தது கியர் எண்ணெயை அன்று. எஞ்சினில் ஊற்றும் எண்ணெயையே. இன்று அதற்குப் பெரிதும் பயன்படுவது 20 டபிள்யூ 50 என்னும் எண்ணெய். தொண்ணூறு எங்கே, ஐம்பது எங்கே என்று சிலர் அஞ்சுவதுண்டு. அவ்வச்சம் வேண்டாதது. எஞ்சின் எண்ணெய்க்கும் கியர் எண்ணெய்க்கும் அளவுகோல் வெவ்வேறு. கொதிநீரின் வெப்பத்தில், 90 எனக் குறிக்கப்பட்ட கியர் எண்ணெயின் தடிப்பு, 40 அல்லது 50 எனக் குறிக்கப்பட்ட எஞ்சின் எண்ணெயின் தடிப்பை ஒத்ததே.

லேகொக் ஓவர்டிரைவ் பொருத்திய கார்களில் இன்னும் கவனம் வேண்டும். அதுவும் கியர்ப் பெட்டியும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்வன. அதனுள்ளே கூம்பு வடிவான ஒரு கிளச் உண்டு. அது வழுக்காமற் பிடிக்க வேண்டும். உராய்வைக் குறைக்கும் மருந்து எதனையும் அங்கு சேர்த்தல் ஆகாது.

எனினும், எம்.ஜி.பி.க்கு ஏற்றது எல்லாக் கார்களுக்கும் ஏற்றதெனக் கொள்ளலாகாது. ட்ரையம்ப் ஸ்பிட்பயர் காரின் கியர்ப் பெட்டிக்கு 90 ஆம் இலக்கக் கியர் எண்ணெயே விதிக்கப்பட்டது; இன்று அதற்கு ஜீ.எல். 4 வகையைத் தேடிக்கொள்வது நன்று. எம்.ஜி.பி.யின் பின் அச்சுக்கோ ஜீ.எல். 5 தக்கது. ஒரே காரினுள்ளும் இடத்துக்கு இடம் எண்ணெய் வேறுபடுகின்றது.

எண்ணெயை வடிக்குமுன், ஊற்றுந் துவாரத்தின் மூடி கழலுகின்றதா என்று பார்த்தல் அறிவுடைமை. வடித்தபின் மூடி கழலாவிடின் கார் நின்ற இடத்திலேயே நிற்க நேரிடும். வடிந்த எண்ணெயிற் பொன்னிறத் துகள்கள் மின்னினால், வளையம் தேய்கின்றதென அறியலாம். ஓவர்டிரைவ் உள்ள காராயின், புதிய எண்ணெய் ஊற்றிச் சிறிது தூரம் ஓட்டியபின் அளவை மீண்டும் நோக்க வேண்டும்.

எம்.ஜி.பி.யின் கியர்ப் பெட்டியை மட்டும் தனியே கழற்ற இயலாது. எஞ்சினையும் அதனோடு சேர்த்தே வெளியே தூக்க வேண்டும். ஒரு போத்தல் எண்ணெயில் நேர்ந்த பிழைக்கு இத்தனை பெரும் வேலை. கடைக்குப் போகுமுன் கைந்நூலின் ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பவருக்கு அவ்வேலை மிச்சம்.