கதாநாயகிக்குப் பிழை செய்யும் உரிமை



எனக்கு முன்பு பேசிய பெரியோர்கள், நம் நாவல்களில் வரும் இளம் பெண்கள் துன்பமாகிய நெருப்பில் புடமிடப்பட்டு, அத்தியாயத்திற்கு அத்தியாயம் பரிபக்குவம் பெற்று, முடிவில் மாற்றுக் குறையாத பொன்னாக வெளிப்படுகிறார்கள் என்று மிக்க உருக்கத்தோடு எடுத்துரைத்தார்கள். அவர்களுடைய புலமையில் எனக்குள்ள மதிப்பு பெரிது. ஆயினும் அந்த அபிப்பிராயத்தை முற்றிலும் மறுப்பதற்காகவே நான் இந்த மேடையில் நிற்கிறேன். ஒருத்திக்குத் துன்பம் நேர்ந்தது என்பதனாலேயே அவள் வளர்ந்துவிட்டாள் என்று கொள்வது, நம் நாவலாசிரியர்களிடமும், அவர்களைவிட அதிகமாக நம் வாசகர்களிடமும் வேரூன்றிப்போன ஒரு மயக்கம். அந்த மயக்கத்தினால் தமிழ் நாவல் அடைந்திருக்கும் நஷ்டம் கொஞ்சமல்ல.

எந்த நாவலையும் சோதித்துப் பார்ப்பதற்கு நான் ஒரு கேள்வியை வைத்திருக்கிறேன். முதல் அத்தியாயத்தில் அந்தப் பெண் எதை உண்மையென்று நம்பினாள், கடைசி அத்தியாயத்தில் எதை நம்புகிறாள், இடையிலே அந்த நம்பிக்கையைப் புரட்டிப் போட்டது அவளுடைய சொந்த விவேகமா, அல்லது மாமியாரும் வறுமையும் மரணமுமா என்பதே அந்தக் கேள்வி. மாமியாரும் வறுமையும் மரணமும் மட்டுமே என்றால், அங்கே நிலைமை மாறிற்று, உடல் மெலிந்தது, கண்ணீர் பெருகிற்று. அந்தப் பெண் மட்டும் புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறாள்.

1815ஆம் ஆண்டு டிசம்பரில் ஆங்கிலத்தில் வெளிவந்த ‘எம்மா’ என்ற நாவலை உங்களில் பலர் பாடமாகப் படித்திருப்பீர்கள். ஜேன் ஆஸ்டின் அதில் படைத்த எம்மாவுக்கு வயது இருபத்தொன்று நிரம்பப் போகிறது. அழகி, புத்திசாலி, செல்வம் உள்ளவள். தாயில்லாத வீட்டின் எஜமானி. வறுமை அவளைத் தீண்டவில்லை, கொடியவன் எவனும் அவளைக் கவர்ந்து செல்லவில்லை. பிறருடைய கல்யாணங்களை முடித்து வைக்கும் சாமர்த்தியம் தனக்கு உண்டு என்ற கர்வம் ஒன்றுதான் அவளுடைய சொத்துக்களில் அபாயமானது. அந்தக் கர்வத்தினாலே, ஹாரியட் என்ற பேதைப் பெண்ணைத் தூண்டி, அவளை மனமார விரும்பிய ஒரு நல்ல விவசாயியை மறுக்கச் செய்கிறாள்.

அந்த நாவலில் பாக்ஸ் ஹில் என்ற குன்றுக்கு எல்லோரும் உல்லாசமாகப் போகும் ஒரு பகல் வருகிறது. வெயில், யாருக்கும் மனம் ஒட்டவில்லை. பொழுது போவதற்காக ஓர் இளைஞன், ஒவ்வொருவரும் சாதுரியமான வார்த்தை ஒன்றோ, சுமாரானவை இரண்டோ, சாரமற்றவை மூன்றோ சொல்லவேண்டும் என்று விளையாட்டாக ஒரு நிபந்தனை விதிக்கிறான். அந்தக் கூட்டத்தில் மிஸ் பேட்ஸ் என்ற கன்னிகை இருக்கிறாள். காலஞ்சென்ற பாதிரியாரின் மகள், வயது முதிர்ந்து கொண்டிருப்பவள், ஏழை, ஓயாமல் பேசுகிறவள், யாருக்கும் தீங்கு நினையாதவள். சாரமற்ற வார்த்தை மூன்று தானே, வாயைத் திறந்தால் வந்துவிடும் என்று அவள் தன்னையே எளிமையாக்கிச் சிரிக்கிறாள். உடனே எம்மா, ஒரே தடவையில் மூன்றோடு நிறுத்திக் கொள்ளவேண்டுமே, அதுவல்லவா உங்களுக்குக் கஷ்டம் என்ற பொருளில் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறாள். அந்த அம்மாளுக்கு அது முதலில் விளங்கவில்லை. விளங்கிய பிறகு முகம் சிவக்கிறது; கோபிக்கத் தெரியாமல், நான் அவ்வளவு தொந்தரவாக இருக்கிறேன் போலும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறாள்.

அன்பர்களே, அந்த நாவல் முழுவதிலும் இதைக் காட்டிலும் பெரிய விபரீதம் எதுவும் நடப்பதில்லை. யாரும் கொலையுண்ணவில்லை, கற்பு பறிபோகவில்லை. ஓர் ஏழையின் மனம் புண்பட்டது, அவ்வளவே. ஆனால் வண்டிக்குக் காத்திருக்கையில் நைட்லி என்ற நண்பர், அவள் உனக்குச் சமமான நிலையில் இருந்திருந்தால் நான் இதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டேன், அவள் தாழ்ந்துவிட்டவள், இன்னும் தாழப் போகிறவள் என்று எடுத்துக் காட்டியதும், எம்மா பதில் சொல்ல நா எழாமல் வண்டியில் ஏறி, வீடு சேரும்வரை கன்னத்தில் வழியும் கண்ணீரைத் துடைக்கவும் முயலாமல் செல்கிறாள். மறுநாள் காலையில், வழக்கமாக யாரும் விருந்தாளியாகச் செல்லாத நேரத்தில், அந்த ஏழை வீட்டுப் படியேறுகிறாள். யாரும் அவளை அனுப்பவில்லை. அந்தப் படியேறுதலைத்தான் நான் வளர்ச்சி என்கிறேன்.

ஓர் ஆண்மகன் கண்டித்துத்தானே அவள் திருந்தினாள், பிற்பாடு அவரையே மணந்தும் கொண்டாளே, இதில் பெண்ணின் சுதந்தரம் எங்கே என்று மாணவிகள் கேட்கலாம், கேட்கவேண்டும். புருஷனாகப் போகிறவனே ஆசிரியனாகவும் அமையும் அந்த ஏற்பாடு எனக்கும் உவப்பானதல்ல. அதே ஆசிரியை 1813இல் வெளியிட்ட நாவலிலே, எலிசபெத் என்ற பெண், தான் வெறுத்து ஒதுக்கியவனின் கடிதத்தை ஒற்றையடிப் பாதையில் தனியே நடந்துகொண்டு மீண்டும் மீண்டும் படித்து, இந்தக் கணம் வரையில் என்னையே நான் அறிந்ததில்லை என்ற முடிவுக்கு, பக்கத்தில் எவரும் இல்லாமல் தானாகவே வருகிறாள். அது எம்மாவின் கண்ணீரைவிட உயர்ந்தது என்பதே என் எண்ணம்.

மற்றொரு ஆட்சேபம் உண்டு. அதைத்தான் நம் விமரிசகர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். மேல்நாட்டுப் பெண்ணுக்கு நடமாடும் சுதந்தரம் இருந்தது, தவறு செய்யவும் திருந்தவும் அவளுக்கு இடம் இருந்தது, அடுக்களைக்குள் அடைபட்டிருந்த நம் பெண்ணுக்கு ஏது அந்த வசதி என்கிறார்கள். நாவலைச் சரியாகப் படிக்காதவர்கள் பேசும் பேச்சு இது. அந்த எம்மா கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. அவள் ஊரிலிருந்து ஏழே மைல் தூரத்திலிருந்த பாக்ஸ் ஹில்லுக்குக் கூட அதற்குமுன் போனதில்லை. ஒரு கிராமம், ஐந்தாறு வீடுகள், நோய்க்குப் பயந்து நடுங்கும் ஒரு தகப்பனார்: இந்த எல்லைக்குள்தான் அவள் மனம் அத்தனை தூரம் பிரயாணம் செய்தது. தஞ்சாவூர் ஜில்லாவின் ஓர் அக்கிரகாரத்திலோ, திருநெல்வேலியின் ஒரு வேளாளர் தெருவிலோ அதைவிடக் குறுகிய இடம் இருந்துவிடவில்லை.

ருஷ்ய நாட்டு நதாஷாவையும் ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். ‘போரும் அமைதியும்’ நாவலில் பதின்மூன்று வயதுக் குழந்தையாக ஓடிவந்து நுழைகிறவள், நிச்சயிக்கப்பட்ட மணத்தை முறித்துக்கொண்டு ஒரு வஞ்சகனோடு ஓடிப்போக எண்ணி, அது தடுக்கப்பட்டு, விஷம் அருந்திப் பிழைத்து எழுகிறாள். நம் ஆசிரியராக இருந்தால் அந்த விஷத்தோடு கதையை முடித்திருப்பார். டால்ஸ்டாய் அவளை 1812ஆம் ஆண்டுக்கு அழைத்துச் செல்கிறார். நெப்போலியனுக்குப் பயந்து மாஸ்கோவைக் காலி செய்யும்போது, வண்டிகளில் ஏற்றிய வீட்டுச் சாமான்களை இறக்கிவிட்டு, முற்றத்தில் கிடந்த காயமுற்ற சிப்பாய்களை ஏற்றவேண்டும் என்று தாயிடம் ஆவேசத்தோடு போராடி ஜயிக்கிறவள் அந்தப் பெண்தான். தன்னுடைய அவமானத்தைத் தாண்டி வந்தவளாதலால், பிறருடைய வேதனைக்கு முன்னால் கம்பளமும் பீங்கானும் அற்பம் என்று அவளுக்கு உடனே விளங்கிற்று.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தின் ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு விக்கிரமபுரியை ஆண்டாள், ஆனால் முதற் பக்கத்திலேயே அவள் சர்வ விவேகி, ஆகவே கற்றுக்கொள்ள அவளுக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. முதல் நாவலென்று அதை மன்னித்துவிடலாம். கல்கி அவர்களின் ‘சிவகாமியின் சபத’த்தில் வரும் சிவகாமியை நான் அப்படி எளிதில் விட்டுவிட முடியாது. அந்தப் பாத்திரத்தின்மீது எனக்குள்ள பிரியமே அதற்குக் காரணம்.

ஆயனச் சிற்பியின் மகள் வாதாபியில் சிறைப்பட்டு, நாற்சந்தியிலே நாட்டியமாட நேர்ந்த அவமானத்தில் கொதித்து, தன் காதலராகிய மாமல்லர் அந்த நகரைக் கொளுத்தித் தன்னைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும்வரை அங்கிருந்து அகல்வதில்லை என்று சபதம் செய்கிறாள். பிறகு மாமல்லரே மாறுவேடம் பூண்டு, உயிரைப் பணயம் வைத்து அழைக்க வருகிறார். வர மறுக்கிறாள். தமிழ் நாவலில் ஓர் இளம்பெண் செய்த மகத்தான தவறு இதுவே என்பேன். அதைச் செய்யும் உரிமையை அவளுக்குத் தந்த கல்கியின் துணிவுக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் அதன் பிறகு? ஒன்பது ஆண்டுகள் அந்தப் பெண் தன் சொல்லோடு தனித்திருந்தாளே, அந்த இரவுகளில் அவள் மனம் என்ன சொல்லிற்று? ஆசிரியர் அந்த ஆண்டுகளை விரைந்து கடந்து ‘சிதைந்த கனவு’ என்ற கடைசிப் பாகத்துக்குப் போய்விடுகிறார். வாதாபி எரிகிறது, மாமல்லர் பாண்டியன் மகளின் கணவர் என்று அவள் அறிகிறாள், ஏகாம்பரநாதரைப் பதியாக வரித்துக்கொள்கிறாள். அதே நாவலில் பரஞ்சோதியைப் பாருங்கள். முதல் அத்தியாயத்தில் காஞ்சிக்கு நடந்து வரும் பட்டிக்காட்டுப் பிள்ளை, சேனாதிபதியாகி, வெற்றியின் கோரத்தைத் தன் கண்ணாலேயே கண்டு, வாளைத் துறந்து சிவத்தொண்டராகிறார். அவருக்கு ஞானம் பிறக்கிறது. அவளுக்குச் சந்நிதி கிடைக்கிறது. இரண்டும் ஒன்றென்று எவரும் என்னிடம் சாதிக்கவேண்டாம்.

இந்தப் பாரபட்சம் கல்கியோடு நிற்கவில்லை. ‘மோகமுள்’ நாவலின் பாபு சறுக்குகிறான், வெட்குகிறான், சங்கீதத்தில் தஞ்சம் புகுகிறான். அவனுடைய சறுக்கல் அவனுக்குக் கல்வியாகிறது. அதே சறுக்கலில் பங்குகொண்ட தங்கம்மாள், கிழவனுக்கு வாழ்க்கைப்பட்ட அந்த இளம்பெண், உயிரை மாய்த்துக் கொள்கிறாள். தி. ஜானகிராமன் போன்ற மகா கலைஞரின் கையிலும் பையனுடைய பிழைக்கு மறுநாள் உண்டு, பெண்ணுடைய பிழைக்கு மறுநாள் இல்லை.

ஜெயகாந்தன் இதை உடைத்தார். 1966இல் அவர் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், மழைநாளில் காரிலே அழைத்துச் செல்லப்பட்டுக் கெடுக்கப்பட்ட மகளைத் தாய் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அதற்கு வாசகர்களிடையே எழுந்த கொந்தளிப்பு உங்களுக்குத் தெரியும். அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊர் கேட்க அலறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ‘சில நேரங்களில் சில மனிதர்க’ளாக அவர் விரித்தார். அண்ணனால் துரத்தப்பட்ட கங்கா, படித்து, உத்தியோகம் பார்த்து, ஆதரவளித்த மாமாவே தன்மீது வைத்த கண்ணையும் சகித்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, தன்னைக் கெடுத்த அந்த மனிதனைத் தானே தேடிப் போகிறாள். பழி வாங்கவும் அல்ல, தாலி கேட்கவும் அல்ல. அரக்கன் என்று நினைத்திருந்தவனிடத்தில் ஒரு பலவீனமான மனிதனைக் காண்கிறாள். தன் வாழ்க்கையின் மிகக் கொடிய பொழுதைத் தன் புத்தியால் மறுபடி வாசிக்கும் இந்தக் காரியத்தைத் தமிழ் நாவலில் அவளுக்குமுன் வேறு எந்தப் பெண்ணும் இவ்வளவு தீர்க்கமாகச் செய்ததாக நான் அறியேன். முடிவில் அவளை மதுவில் கொண்டுபோய் விட்டாரே என்று வருந்துகிறேன். ஆனாலும் அவள் நடந்த தூரம் நடந்ததுதான்.

பெண் இப்படி மனம் மாறி வளர்வது நம் மரபுக்கு அந்நியம் என்று சொல்வோர் சிலப்பதிகாரத்தை மறந்தவர்கள். புகாரிலே கணவன் பிரிந்தபோது மௌனமாக இருந்த கண்ணகிதான், மதுரையிலே அரசவையின் நடுவே நின்று, சிலம்பை உடைத்து, பாண்டியனிடம் நீதி கேட்டவள். வாய் திறவாதவள் வழக்காடுகிறவளாக மாறிய அந்தத் தொலைவை இளங்கோவடிகள் அளந்து காட்டியிருக்கிறார். அவளைக் கற்புக்கரசி என்ற ஒரே பீடத்தில் ஏற்றி, அந்த மாற்றத்தைப் பார்க்க மறுத்தவர்கள் நாம்.

ஆகையால் எழுத்தாள நண்பர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்று உண்டு. உங்கள் அடுத்த தொடர்கதையின் நாயகியைக் குற்றமற்றவளாகப் படைக்காதீர்கள். அவள் யாரையாவது தவறாக எடைபோடட்டும், ஓர் ஏழையைப் புண்படுத்தட்டும், வரக்கூடாத கோபத்தில் ஒரு சபதம் செய்யட்டும். பிறகு அவளைக் கிணற்றுக்கோ, கோயிலுக்கோ, கல்யாணப் பந்தலுக்கோ அவசரமாக அனுப்பிவிடாமல், அவள் தன் தவறோடு தனித்திருந்து சிந்திப்பதற்கு நான்கு அத்தியாயங்கள் கொடுங்கள். வாசகர்களே, அந்த அத்தியாயங்கள் வரும் வாரங்களில், கதை நகரவில்லை என்று பத்திரிகாசிரியருக்குக் கடிதம் எழுதாதீர்கள். மாணவிகளே, இங்கே இருப்பவர்களில் யாரேனும் ஒருவர் நாளைக்கு நாவல் எழுதப் போகிறவராக இருந்தால், சிவகாமியின் அந்த ஒன்பது ஆண்டுகள் இன்னும் எழுதப்படாமலே இருக்கின்றன. எங்கள் தலைமுறை எழுதவில்லை, நீங்கள் எழுதுங்கள்.