அறிந்து செய்யும் தொண்டு



திருக்குறளில் ஒப்புரவறிதல் என்றோர் அதிகாரம் உண்டு. அதனை அடுத்து நிற்பது ஈகை. இரண்டும் பிறர்க்கு உதவுதலைப் பற்றியனவே. ஆயினும் வள்ளுவர் அவற்றை வேறுவேறாக வைத்தார். வறியவர்க்குக் கொடுப்பது ஈகை. ஊரோடு கூடி வாழ்கின்றவன் ஊர்க்குப் பயன்படுமாறு தன் பொருளையும் உழைப்பையும் உதவுவது ஒப்புரவு. ஈகைக்கு இல்லாத ஒரு சொல் ஒப்புரவோடு சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். 'அறிதல்' என்பதே அச்சொல். பொதுத் தொண்டுக்குக் கொடுக்கும் கை மட்டும் போதாது, அறியும் அறிவும் வேண்டும் என்னும் கருத்தை அத்தலைப்பிலேயே நாம் காணலாம்.

அவ்வதிகாரத்தில் வரும் உவமைகளுள் ஒன்று ஊருணி. ஊருணிக்கு நீர் வந்து சேர வரத்துக்கால் வேண்டும். வந்த நீர் நிற்கக் கரை வேண்டும். காலந்தோறும் தூர் வாருதலும் வேண்டும். இவை எல்லாவற்றிற்கும் முன்னே, ஊருணி எவ்விடத்தில் வேண்டும் என்று ஊராரைக் கேட்டறிதல் வேண்டும். இக்காலத் தொண்டுச் சங்கங்கள் உள்ளூரிலும் அயல்நாட்டிலும் மேற்கொள்ளும் திட்டங்களுக்கும் இதுவே முறை.

1905ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் நண்பர் மூவருடன் கூடித் தொடங்கியதே ரோட்டரி சங்கம். 1917ஆம் ஆண்டில் அதே நாட்டில் லயன்ஸ் சங்கம் தோன்றியது. சிகாகோச் சங்கத்தார் 1907ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கையிலெடுத்த பெரும் பொதுப்பணி யாது தெரியுமா? கலைக்கூடமன்று, நினைவுத் தூணுமன்று. நகர மண்டபத்தின் அருகே ஒரு பொதுக் கழிப்பிடம்! மது விற்போரும் பெருங்கடைக்காரர்களும் இதனை எதிர்த்தனர். எங்கள் கடைகளில் அவ்வசதி இருக்கிறதே என்றனர். மது அருந்தாதவனும், பொருள் வாங்க வராத ஏழையும் எங்கே செல்வது என்று அவர்கள் எண்ணவில்லை. சங்கத்தார் சளைக்காமல் மற்ற அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு நகராட்சியை வேண்டினர். 1909ஆம் ஆண்டில் அக்கழிப்பிடம் திறக்கப்பட்டது. புகழ் எங்கே கிடைக்கும் என்று தேடாமல், குறை எங்கே இருக்கிறது என்று தேடியதால் விளைந்த பணி அது.

கேட்டறியாமல் செய்யும் பணி என்னாகும் என்பதற்கும் ஒரு சான்று காட்டலாம். சிறுவர்கள் ஏறிச் சுற்றி விளையாடும் இராட்டினம் ஒன்றைக் குழாய்க் கிணற்றோடு இணைத்து, அவர்கள் விளையாட விளையாடத் தண்ணீர் மேலே ஏறுமாறு தென்னாப்பிரிக்காவில் ஒரு கருவி அமைத்தனர். கேட்டவர் அனைவரும் வியந்தனர். 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இதற்கென 1 கோடியே 64 இலட்சம் டாலர் உதவி அறிவிக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டுக்குள் ஆப்பிரிக்க நாடுகளில் 4,000 கருவிகள் நிறுவுவது நோக்கம். பின்னர் ஊர்களுக்குச் சென்று பார்த்தவர்கள் கண்டது வேறு. சிறுவர்கள் நாள் முழுவதும் விளையாடுவார்களா? அவர்கள் இல்லாத வேளையில் பெண்களே அப்பெரிய சக்கரத்தைக் குனிந்து தள்ள வேண்டியிருந்தது. நன்றாக இயங்கிய கைப்பம்புகளை எடுத்துவிட்டுச் சில ஊர்களில் இதனை நட்டிருந்தார்கள். பழுதானால் திருத்துவாரும் எளிதில் கிடைக்கவில்லை. கொடுத்தவர்களின் நெஞ்சில் ஈரம் இருந்தது, ஐயமில்லை. குடம் சுமக்கும் பெண்களை முன்னதாக ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அத்தனை பொருளும் வேறு வகையில் பயன்பட்டிருக்கும்.

இனி, வரத்துக்காலாகிய நிதியைப் பார்ப்போம். 1917ஆம் ஆண்டில் ரோட்டரித் தலைவராயிருந்த ஆர்ச் கிளம்ப், உலகில் நன்மை செய்வதற்கென ஒரு நிலையான நிதி வேண்டும் என்று கூறினார். அதற்கு வந்த முதல் நன்கொடை எவ்வளவு? இருபத்தாறரை டாலர்! இன்று அது உலகின் பெரிய அறநிதிகளுள் ஒன்று. உறுப்பினர் ஆண்டுதோறும் அளிக்கும் நன்கொடையை உடனே செலவிடாமல் மூன்றாண்டு முதலீட்டில் வைத்து, அதன் பின்னரே பணிகளுக்கு வழங்கும் முறையை அவர்கள் வகுத்துக்கொண்டனர்.

நாடு கடந்த பணிக்கு அந்நிதியிலிருந்து எவ்வாறு உதவி பெறுவது? நெல்லைச் சீமையில் ஒரு சிற்றூர் மருத்துவமனைக்குப் பச்சிளங்குழந்தைகளைக் காக்கும் கருவிகள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவ்வட்டாரச் சங்கம் ஒன்றும், வேறொரு நாட்டின் சங்கம் ஒன்றும் கூட்டாக விண்ணப்பிக்க வேண்டும். 2013ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, இத்தகைய திட்டத்தின் மொத்த மதிப்பு 30,000 டாலருக்குக் குறையலாகாது. ஊராரின் தேவையை ஆராய்ந்த அறிக்கை விண்ணப்பத்தோடு செல்ல வேண்டும். வரும் பணத்திற்கென்றே வங்கியில் தனிக் கணக்கு. அதில் இருவர் கையொப்பமிட்டாலன்றிப் பணம் எடுக்க இயலாது. ஆண்டுதோறும் அறிக்கை அனுப்ப வேண்டும். பற்றுச்சீட்டுகளை ஐந்தாண்டுகளேனும் பாதுகாக்க வேண்டும். நல்ல காரியத்திற்கு இத்தனை கெடுபிடியா என்று சிலர் சலித்துக்கொள்வர். தொலைவிலிருந்து கொடுப்பவன் கண்ணால் காண முடியாதவன். அவனுக்குக் கணக்கே கண். ஒரு திட்டத்தில் கணக்கு மறைந்தால் அடுத்த திட்டத்திற்கு வரும் பணமும் நின்றுபோகும். அதனால் இழப்பவர் ஏழை மக்களே.

வரவு செலவுத் திட்டம் எழுதும்போது பலரும் மறப்பது தூர் வாரும் செலவை. கருவியின் விலையை எழுதுவார்கள். அதனை இயக்குபவரின் ஊதியத்தை, மின்கட்டணத்தை, உதிரிப் பாகங்களை எழுதமாட்டார்கள். இதன் விளைவைத் தமிழ்நாடே கண்டிருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் வறட்சி வந்தபோது பாறை நிலங்களில் ஆழ்துளைக் கிணறுகள் பல தோண்டப்பட்டன. அவற்றின்மேல் பொருத்திய வார்ப்பிரும்புக் கைப்பம்புகள் ஒரு குடும்பத்தின் புழக்கத்திற்கென அமைந்தவை. ஊர் முழுவதும் நாள் முழுவதும் அடித்தால் அவை எப்படித் தாங்கும்? 1970களின் நடுவில் ஆராய்ந்தபோது பெரும்பாலானவை பழுதுபட்டுக் கிடந்தன. அதன் பின்னரே உறுதியான 'இந்தியா மார்க் 2' என்னும் பம்பு உருவாயிற்று. கோயம்புத்தூர்ப் பகுதியில் அதனை நெடுநாள் சோதித்தார்கள். அதனோடு தமிழ்நாட்டில் பராமரிப்புக்கும் மூன்று படிகள் அமைத்தார்கள். ஊரிலே ஒரு காப்பாளர். ஒன்றியத்திலே ஒரு பழுது பார்ப்பவர். பெரிய பழுதுக்கு மாவட்டத்திலிருந்து வண்டியில் வரும் ஒரு குழு. பம்பு நல்லதாயிருந்ததோடு, அதனைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருந்ததால் தண்ணீர் வந்தது.

கேட்டறிதல், நிதி, தொடர்ந்து பேணுதல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த பெரும் பணி ஒன்றைச் சொல்லி முடிக்க விரும்புகிறேன். அது இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோவை எதிர்த்த பணி. 1979ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் நாட்டின் 60 இலட்சம் குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து அளிக்க ரோட்டரி சங்கம் முன்வந்தது. ஒரு நாட்டில் முடிந்தது பல நாடுகளில் முடியாதா என்னும் எண்ணம் பிறந்தது. 1985ஆம் ஆண்டில் 12 கோடி டாலர் திரட்டுவதென்று உறுதிபூண்டனர். 1988ஆம் ஆண்டில் எண்ணிப் பார்த்தபோது 24 கோடியே 70 இலட்சம் டாலர் சேர்ந்திருந்தது! அதே ஆண்டில் உலக நாடுகள் போலியோவை ஒழிக்கத் தீர்மானித்தன. அப்போது 125 நாடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,50,000 குழந்தைகள் அந்நோய்க்கு ஆளாகிக்கொண்டிருந்தனர்.

பணம் வந்தது, மருந்தும் வந்தது. ஆனால் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் சில வீடுகளின் கதவுகள் திறக்கவில்லை. அம்மருந்தால் குழந்தைகள் பிற்காலத்தில் மகப்பேறு இழப்பர் என்று வதந்தி பரவியிருந்தது. அதற்கும் மேலாக மக்கள் ஒரு நியாயமான கேள்வியைக் கேட்டனர். எங்கள் தெருவில் சாக்கடை ஓடுகிறது, காய்ச்சலுக்கு மருந்தில்லை, நீங்களோ மீண்டும் மீண்டும் இந்த இரண்டு சொட்டையே கொண்டுவருகிறீர்களே, ஏன்? தொண்டர்கள் கேள்வியைக் கேட்டுக் கோபம் கொள்ளவில்லை. சமயப் பெரியோர்களைத் துணைக்கு அழைத்தார்கள். அவ்வத்தெருப் பெண்களையே பணியில் சேர்த்தார்கள். மருத்துவ முகாம்கள் நடத்தினார்கள். 2009ஆம் ஆண்டு முதல், நோய் மிகுந்த 107 வட்டாரங்களில் கழிப்பிட வசதி, தூய குடிநீர், வயிற்றுப்போக்கு மருந்து ஆகியவற்றையும் சேர்த்துத் திட்டம் வகுக்கப்பட்டது. இரயில் நிலையங்களில் நின்று, பயணம் செய்யும் குழந்தைகளுக்கும் சொட்டு மருந்து அளித்து, சிறுவிரலில் மை இட்டார்கள். 2009ஆம் ஆண்டில் இந்தியாவில் 741 குழந்தைகளுக்குப் போலியோ கண்டது. 2010இல் 42. 2011இல் ஒரே ஒரு குழந்தை. மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்துச் சிறுமி. அதன் பின்னர் இந்நாட்டில் இயற்கைப் போலியோக் கிருமியால் ஒரு குழந்தையும் கால் இழக்கவில்லை. 2014ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்று வழங்கியது. ஆப்கானிஸ்தானத்திலும் பாகிஸ்தானத்திலும் அக்கிருமி இன்னும் மறையவில்லை; ஆதலின் இங்கும் சொட்டு மருந்து நிற்கவில்லை. தூர் வாரும் வேலை தொடர்ந்துகொண்டேயிருக்கிறது.

மாணவர்களே, இவையெல்லாம் பெரியவர்கள் செய்ய வேண்டியவை என்று ஒதுங்கிவிடாதீர்கள். பள்ளி மாணவர்க்கென 1962ஆம் ஆண்டில் இன்டராக்ட் சங்கமும், இளைஞர்க்கென 1968ஆம் ஆண்டில் ரோட்டராக்ட் சங்கமும் தோன்றின. சங்கம் எதுவாயினும் ஆகுக. சங்கமே இல்லாமற்போனாலும் ஆகுக. ஒரு சிறு பணியை எடுங்கள். தொடங்குமுன் நான்கு கேள்விகளைத் தாளில் எழுதி விடை காணுங்கள். இது வேண்டுமென்று கேட்டவர் யார்? பணம் எங்கிருந்து வரும், கணக்கை யார் எழுதுவார்? பயன் பெறுவோர் தம் பங்காக எதனைத் தருவர்? திறப்பு விழா முடிந்த மறுநாள் காலையில் அங்கே இருப்பவர் யார்?

பள்ளியில் ஒரு குடிநீர்த் தொட்டி வைப்பதாயினும் இந்நான்கையும் கேளுங்கள். மாலை இட்டு, நாடா வெட்டி, படம் எடுத்துக்கொண்டு எல்லாரும் வீடு திரும்பிய பின்னர், தாகத்தோடு ஒரு குழந்தை அத்தொட்டியின் குழாயைத் திறக்கும். அப்போது அதில் தண்ணீர் வருமா என்பதுதான் நம் தொண்டுக்கு உரிய தேர்வு.