காயினை இடம் மாற்றும்போது



2022 அக்டோபரில் கிரிப்டோ டாட் காம் என்ற பெரிய எக்ஸ்சேஞ்ச் 3,20,000 ஈதர் காயினை, இணையத்தோடு தொடர்பில்லாத தன்னுடைய வாலட்டுக்கு மாற்றப் போனது. காயின் போய்ச் சேர்ந்த இடமோ கேட் டாட் ஐஓ என்ற இன்னொரு எக்ஸ்சேஞ்ச். மதிப்பு சுமார் 40 கோடி டாலர். அங்கே அது போய் விழுந்தது கிரிப்டோ டாட் காமின் சொந்தக் கணக்கிலேயே என்பதால் திரும்பக் கிடைத்தது. விஷயம் வெளியே தெரிந்தது நவம்பரில். எஃப்டிஎக்ஸ் என்ற வேறொரு பெரிய எக்ஸ்சேஞ்ச் திவால் மனு கொடுத்து இரண்டே நாள் ஆகியிருந்தது. யாருக்கும் யார்மேலும் நம்பிக்கை இல்லாத அந்த நேரத்தில் கிரிப்டோ டாட் காமின் தலைமைச் செயல் அதிகாரி கிறிஸ் மார்சலெக் ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காயின் போன முகவரியில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. முன்கூட்டியே அங்கீகரித்து வைத்திருந்த பட்டியலில் இருந்த முகவரிதான் அது. இடம்தான் வேறு.

காயின் மாற்றப் போகிறவர்கள் பெரும்பாலும் பயப்படுவது ஓர் எழுத்து மாறிவிடுமோ என்றுதான். உண்மையில் அது சின்ன ஆபத்து. பிட்காயின் முகவரிக்குள்ளேயே சரிபார்ப்புக்கான எழுத்துகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று தவறினாலும் வாலட் அநேகமாக ஏற்காது. பெரிய ஆபத்து, பார்ப்பதற்கு எல்லாமே சரியாக இருக்கும்போதுதான்.

முதலில் நெட்வொர்க். யுஎஸ்டிடி என்ற ஒரே காயின் பல நெட்வொர்க்குகளில் ஓடுகிறது. ட்ரான் நெட்வொர்க்கில் ஓடும் வகைக்கு டிஆர்சி-20 என்று பெயர், எதீரியத்தில் இஆர்சி-20. ட்ரான் முகவரி ‘டி’ என்ற எழுத்தில் தொடங்கும், எதீரிய முகவரி பூஜ்யம், எக்ஸ் என்று தொடங்கும். இரண்டையும் குழப்பினால் திரையே மறுத்துவிடும். ஆனால் எதீரியம், பாலிகான், பிஎன்பி செயின் மூன்றுக்கும் முகவரியின் வடிவம் ஒன்றேதான். எதீரியத்தில் மட்டும் டெபாசிட் வாங்கும் எக்ஸ்சேஞ்சுக்கு பாலிகான் வழியாக அனுப்பினால் யாரும் தடுக்க மாட்டார்கள். பணம் போகும், போனதற்குப் பதிவும் இருக்கும், உங்கள் கணக்கில் மட்டும் வராது. அந்த முகவரியின் சாவி எக்ஸ்சேஞ்சின் கையில் இருப்பதால், மனம் வைத்தால் அவர்கள் எடுத்துத் தரலாம். சில இடங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு தருகிறார்கள், சில இடங்களில் முடியாது என்று விதிமுறையிலேயே எழுதிவிடுகிறார்கள். கட்டணம் குறைவாக இருக்கிறதே என்று நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வாங்கும் இடத்தின் டெபாசிட் பக்கத்தைத் திறந்து, அங்கே என்ன பெயர் இருக்கிறதோ அதையே அனுப்பும் இடத்திலும் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது எக்ஸ்ஆர்பி, ஸ்டெல்லார் போன்ற காயின்கள். இவற்றுக்கு எக்ஸ்சேஞ்ச் பெரும்பாலும் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே முகவரியைத்தான் தருகிறது. இந்தப் பணம் யாருடையது என்று பிரித்துக் காட்டுவது கூடவே தரும் ஓர் எண். எக்ஸ்ஆர்பியில் அதை டேக் என்பார்கள், ஸ்டெல்லாரில் மெமோ. அதை விட்டுவிட்டால், அடுக்குமாடிக் குடியிருப்பின் பெயரை எழுதி வீட்டு எண்ணை எழுதாமல் போட்ட கடிதத்தின் கதிதான்.

அதனால்தான் முதலில் கொஞ்சம் அனுப்பிப் பார்க்கச் சொல்கிறார்கள். நானும் அதையே சொல்வேன். ஆனால் வாங்கும் இடத்தில் குறைந்தபட்ச டெபாசிட் என்று ஓர் அளவு இருக்கும். அதற்குக் கீழே அனுப்பினால் சோதனைக்கு அனுப்பியதே கணக்கில் ஏறாது. சோதனை மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். 2024 மே மாதம் ஒருவர், சோதனை போலத் தெரியும் ஒரு சிறு தொகையைச் சரியான முகவரிக்கு அனுப்பினார். சற்று நேரத்தில் ஒரு திருடன், முதல் எழுத்துகளும் கடைசி எழுத்துகளும் அதைப் போலவே அமைந்த வேறொரு முகவரியை உருவாக்கி, அதிலிருந்து அவருடைய பரிவர்த்தனைப் பட்டியலில் ஒரு பதிவு விழும்படி செய்தான். அடுத்து அனுப்பும்போது அவர் அந்தப் பட்டியலிலிருந்து முகவரியை நகலெடுத்ததாகத் தெரிகிறது. போனது ரேப்டு பிட்காயின் என்ற காயினில் 1,155, அன்றைய மதிப்பில் 6.8 கோடி டாலருக்கு மேல். பேரம் பேசியதில் திருடன் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பினான். எல்லாத் திருடர்களும் அப்படிச் செய்வதில்லை. எனவே முகவரியைப் பழைய பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் வாங்கும் கணக்கின் டெபாசிட் பக்கத்திலிருந்தே எடுங்கள், முனைகளோடு நடுவில் உள்ள எழுத்துகளையும் பாருங்கள். நகலெடுத்த முகவரியை ஒட்டும்போது மாற்றிவிடும் வைரஸ்களும் இருக்கின்றன. ஒட்டிய பிறகு பார்ப்பதுதான் கணக்கு.

இவ்வளவு தொல்லை என்றால் மாற்றாமலே இருந்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் ஒரே இடத்தில் விட்டு வைப்பதிலும் ஆபத்து உண்டு. 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சின் ஒரு வாலட்டிலிருந்து சுமார் 23 கோடி டாலர் களவு போனது. அங்கே காயின் வைத்திருந்தவர்கள் அதை எடுக்க முடியாமல் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். ஆக, மாற்றத் தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் சில செயலிகள் காயினை வாங்கவும் விற்கவும் மட்டுமே விடுகின்றன, வெளியே எடுக்க விடுவதில்லை. வாங்குவதற்கு முன்பே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே விலை இரண்டு பைசா குறைவு, அங்கே கூடுதல் என்று தினமும் மாற்றிக்கொண்டிருப்பது மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. பிட்காயினில் ஒரு பிளாக், அதாவது பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்பு, பதிவேட்டில் சேரச் சராசரியாகப் பத்து நிமிடம் ஆகும். பல இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட பிளாக் சேர்ந்த பிறகுதான் கணக்கில் வரவு வைப்பார்கள். அதற்குள் அந்த விலை வித்தியாசம் கரைந்துவிடும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு வரியும் உண்டு. உங்கள் ஒரு கணக்கிலிருந்து உங்களுடைய இன்னொரு கணக்குக்கு மாற்றும்போது உடைமை கைமாறுவதில்லை, எனவே அது விற்பனை இல்லை. ஆனால் அனுப்பும் செலவு குறையட்டும் என்று பிட்காயினைக் கொடுத்து ட்ரான் நெட்வொர்க்கின் காயினை வாங்கி அனுப்பினால், அந்த இடத்திலேயே ஒரு விற்பனை நடந்துவிட்டது. லாபத்துக்கு 30 சதவீத வரி. 2022 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள ஒரு சதவீத டிடிஎஸ் பிடித்தமும் வரலாம். ஒரு காயினில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. நீங்கள் முதலில் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது புது எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியாது. வாங்கிய பில், தேதி, பரிவர்த்தனை எண் மூன்றையும் நீங்கள்தான் எடுத்து வைக்க வேண்டும்.

அந்தப் பரிவர்த்தனை எண் வேறொரு நேரத்திலும் கைகொடுக்கும். காயின் வரத் தாமதமானால் ஈதர்ஸ்கேன், ட்ரான்ஸ்கேன் போன்ற தளங்களில் அதைப் போட்டால் எங்கே இருக்கிறது என்று தெரியும். எக்ஸ்சேஞ்சின் உதவிப் பிரிவும் முதலில் அதைத்தான் கேட்கும். அதைக் கேட்காமல், டெலிகிராமில் தானாக வந்து, வாலட்டைத் திறக்கும் 12 ரகசியச் சொற்களையோ ஓடிபியையோ கேட்பவர் உதவிப் பிரிவைச் சேர்ந்தவர் அல்ல. அவரோடு பேச்சு வளர்க்காமல் பிளாக் செய்துவிட்டு, எக்ஸ்சேஞ்சின் செயலிக்குள் போய்ப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.