விரலிழந்தோரும் விளையாட்டும்



விருதுநகர் மாவட்டத்தில் சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி என விரிந்து கிடக்கும் இந்த வானம் பார்த்த பூமியில், பட்டாசு ஆலையின் மருந்து அறையில் நேரும் ஓர் உராய்வு, உயிரைக் கொள்ளாது விட்டவிடத்தும், மருந்துக்கு மிக அண்மையிலுள்ள அவயவங்களாகிய கைகளையும் முகத்தையுமே முதலில் பற்றுகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5 ஆம் நாள் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் மாண்டவர்களை நினைவுகூர்கிறோம். ஆனால், இத்தகைய விபத்துகளில் பிழைத்து, தோல் சுருங்கி விரல் மடங்கி வீடு திரும்புவோரைப் பற்றி நஷ்டஈடு, மாற்று வேலை என்ற அளவோடு பேச்சை முடித்துவிடுகிறோம். அவர்களுள் நண்பர்களோடு மாலைதோறும் கைப்பேசியில் கிரிக்கெட் ஆடிய இளைஞரும் உண்டு. இரண்டு கட்டைவிரல்களும் ஒரே க்ஷணத்தில் வெவ்வேறு காரியம் செய்தாக வேண்டும் என்ற நிபந்தனையின்மேல் கட்டப்பட்ட அவ்விளையாட்டு, தோழமை மிகவும் வேண்டியிருக்கும் காலத்தில் அவர்களை வெளியே நிறுத்திவிடுகிறது. இதனை அற்ப விஷயம் என்பார் உளர்; அந்த அபிப்பிராயத்தை நான் முற்றும் மறுக்கிறேன். இந்தியா 2007 இல் ஏற்புறுதி செய்த, மாற்றுத்திறனாளர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 30 ஆம் விதியும், அதே பொருள் பற்றிய நமது 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29 ஆம் பிரிவும் பொழுதுபோக்கை உரிமை என்றே வகுத்திருக்கின்றன.

கை வழங்காதோர் ஆடுவதற்கான உபாயங்கள் புதியன அல்ல. மார்பில் அணிந்து, தாடையால் கோலை அசைத்தும், குழலில் ஊதியும் உறிஞ்சியும் ஆடத்தக்க சாதனத்தை நின்டெண்டோ 1989 இலேயே வெளியிட்டது. 2023 இல் கூகுள் அறிவித்த கேம்ஃபேஸ் என்னும் மென்பொருள், வீட்டில் பற்றிய தீயில் தம் விளையாட்டுச் சாதனங்களை இழந்த லான்ஸ் கார் என்பவரின் நிலையிலிருந்து பிறந்தது. புருவத்தை உயர்த்துதல், வாயைத் திறத்தல் முதலிய முகக்குறிப்புகளைக் காமிராவால் அறிந்து அது இயங்கும். மறு ஆண்டு அது ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கும் வந்தது. இந்தியாவின் இன்க்ளூஸா என்னும் சமூக நிறுவனமும் அம்முயற்சியில் சேர்ந்தது. போற்றத்தக்க பணியே, எனினும், கையோடு முகமும் வெந்து தசை இறுகிய நம் தொழிலாளிக்கு அது எவ்வளவு தூரம் பயன்படும்? அவனுக்கு எஞ்சியிருப்பவை முழங்கையும் பாதமும் அல்லவா?

அதனாலேயே, மைக்ரோசாஃப்ட் 2018 இல் விற்பனைக்குக் கொணர்ந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரை நான் விசேஷமாகக் கருதுகிறேன். அதன் முதுகில் 3.5 மில்லிமீட்டர் அளவில், ஹெட்போனைச் செருகும் அதே வகைத் துளைகள், 19 உள்ளன. முழங்கையால் தட்டும் பொத்தானோ, காலால் மிதிக்கும் பெடலோ, எதை வேண்டுமானாலும் அவற்றில் இணைக்கலாம். சுமார் நூறு டாலர் விலைக்கு வெளிவந்த அக்கருவி இங்கே பலருக்கு எட்டாதது. ஆயினும், இரண்டு கம்பிகள் தொட்டு விலகுவதற்குமேல் வேறொன்றும் வேண்டாத, அதில் செருகும் சுவிட்சுகளை நம் பாலிடெக்னிக் மாணவர் செய்துவிடுவர். கருவி மட்டும் போதாது; பொத்தானை அழுத்திப் பிடித்திருப்பதற்குப் பதில் ஒருமுறை தட்டினால் போதும் என்றும், ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்றும் விளையாட்டுக்குள்ளேயே வழிசெய்ய வேண்டியவர்கள் அதனை ஆக்குவோர். அதற்குக் காசும் அதிகம் ஆகாது, மனம் வேண்டும்.

1981 முதல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் மறுவாழ்வுப் பணி புரிந்துவருகிறது. அவ்வூர் நம் அண்டை மாவட்டத்திலேயே உள்ளது. இவ்வுரைக்கு வழிசெய்த அறக்கட்டளையின் ஓராண்டு வட்டியைக் கொண்டு, அத்தகைய அனுபவமுடையோரின் யோசனை கேட்டு, தீக்காயம் ஆறிய பத்துப் பேருக்கேனும் அவரவர் உடலுக்கேற்ற சுவிட்சுகளை அமைத்துக் கொடுக்க வேண்டுமென்று அதன் நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பத்துப் பேரும் முன்பு ஆடிய ஆட்டம் எது என்பதை முதலில் அவர்களிடமே கேளுங்கள்.